உள்ளங்கால் புண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று, அப்புறமும் ஏன் திரும்ப வருகிறது?

போன வாரம் ஒருவர் வந்தார். தொழுநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்துப் பல வருடங்கள் ஆனவர். குதிகாலில் ஆறாத புண் இருந்ததால் சில மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுத்து, பாதத்தின் உள்வளைவிலிருந்து தோலையும் சதையையும் திருப்பிக் கொண்டுவந்து மூடி, நன்றாக ஆறிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். இப்போது அதே இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. என்ன ஆச்சு என்று கேட்டால் முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறார்: "கால் ஆறினா கிரிவலம் வர்றேன்னு வேண்டியிருந்தேங்க டாக்டர். பௌர்ணமிக்குப் போய் முடிச்சுட்டு வந்துட்டேன்."

14 கிலோமீட்டர். வெறுங்காலில். உணர்ச்சியே இல்லாத பாதத்தில்.

அவருடைய பக்தியைக் குறை சொல்ல நான் யார். அண்ணாமலையார் செருப்புக்காகக் கோபித்துக்கொள்கிறவர் இல்லை என்பது என் சொந்தக் கருத்து, அதை அவரிடமும் சொன்னேன். ஆனால் எனக்கு எரிச்சல் வந்தது அவர் மீது இல்லை. கூட வந்திருந்த மகன், படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர், கேட்டாரே ஒரு கேள்வி: "ஆபரேஷன் சரியா வரலியா சார், இல்ல உள்ள இன்னும் அந்த வியாதி இருக்கா?" இந்தக் கேள்வியை நோயாளி கேட்கிறார், வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள், சில சமயம் அனுப்பிவைக்கிற டாக்டரின் சீட்டிலேயே கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அதையே முடித்துவிடுவோம். உள்ளங்காலில் இருக்கும் அந்தப் புண் தொழுநோய் இல்லை. தொழுநோய்க் கிருமி அந்தப் புண்ணை உண்டாக்கவில்லை. அந்தச் சீழில் இருப்பது அடிபட்ட எல்லாப் புண்ணிலும் குடியேறுகிற சாதாரணக் கிருமிகள். கூட்டு மருந்தை, வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ, ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தவருக்கு நோய் முடிந்துவிட்டது. அவர் புண்ணைத் தொட்டால் உங்களுக்கு ஒட்டாது, கட்டு மாற்றினால் ஒட்டாது, அவர் தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. மருந்தே எடுக்காத ஒருவரின் மூக்கு வழியாக, நெடுநாள் நெருங்கிப் பழகியவர்களுக்குத்தான் அந்த நோய் பரவுகிறது. மருந்தைத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அந்தப் பேச்சும் போய்விடுகிறது.

அப்படியானால் புண் எங்கிருந்து வந்தது? நோய் போகும்போது ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது: கணுக்காலின் உள்பக்கமாகப் பாதத்துக்குள் இறங்கும் நரம்பைக் கெடுத்துவிட்டது. நரம்பு எப்படிக் கெடுகிறது என்பதற்குள் நான் போகவில்லை. கெட்டபின் உள்ளங்காலில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. வலி தெரியாது. வியர்க்காது, ஆகவே தோல் காய்ந்து வெடிக்கும். பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் செத்து விரல்கள் மடங்கிக்கொள்ளும், எடை முழுக்க விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைகளில் விழும். உங்களுக்கும் எனக்கும் நீண்ட தூரம் நடந்தால் ஓர் இடம் எரிய ஆரம்பிக்கும், நம்மை அறியாமலே காலை மாற்றி ஊன்றுவோம், கொஞ்சம் நொண்டுவோம், எங்காவது உட்காருவோம். அவர் நொண்ட மாட்டார். அதே இடத்தில், அதே அழுத்தத்தில், ஆயிரம் அடி, பத்தாயிரம் அடி. உள்ளே சதை நசுங்கி, கொப்புளம் கட்டி, அது உடைந்து வெளியே தெரியும்போது பாதி வேலை உள்ளே முடிந்திருக்கும்.

நம்ப முடியவில்லையா? சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவரின் காலைப் பாருங்கள், அதே இடம், அதே குழி, அதே காய்ப்பு ஓரம். அவருக்கு வாழ்நாளில் தொழுநோய் வந்ததே இல்லை. இன்னொன்று: சிக்கலில்லாத உள்ளங்கால் புண் உள்ள ஒருவருக்குக் காலோடு ஒட்டிப் பொருந்துகிற மாதிரி மாவுக்கட்டுப் போட்டு 6 வாரம் விட்டால், பெரும்பாலும் கட்டைப் பிரிக்கும்போது புண் ஆறியிருக்கும். உள்ளே மருந்தும் இல்லை, மாயமும் இல்லை, அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பினோம், அவ்வளவுதான். இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930-களிலேயே தொழுநோயாளிகளின் கால்களுக்கு இப்படிச் செய்தார். பிறகு வேலூரிலும் அதன் பக்கத்தில் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதை ஊன்றிப் பார்த்து, சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியில்லாத கை கால்கள் அடிபட்டுத்தான் தேய்கின்றன என்று உலகத்துக்கே சொன்னார். இன்று அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிக்குப் போடும் அந்த மாவுக்கட்டு நம் பக்கத்துத் தொழுநோய் வார்டுகளிலிருந்து போனது. நம் பக்கத்தில்தான் இன்னும் "உள்ள வியாதி இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த நினைப்பு வெறும் அறியாமையாக நின்றுவிட்டால் பரவாயில்லை. அதனால் வரும் சேதம் பெரிது. புண் என்றால் நோய் என்று நினைப்பவர் மருந்தைத் தேடுவார். ஒருவருக்குக் கூட்டு மருந்தை மறுபடியும் முதலிலிருந்து கொடுத்திருக்கிறார்கள், புண் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. இன்னொருவர் மாதக் கணக்கில் விலை கூடின ஆன்டிபயாடிக். (புண்ணின் மேற்பரப்பில் பஞ்சை ஒற்றி எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பி, அதில் வந்த கிருமிக்கெல்லாம் ஊசி போடுகிற சக மருத்துவர்களே, காய்ச்சல் இல்லை, சுற்றிச் சிவக்கவில்லை, எலும்பு கெடவில்லை என்றால் நீங்கள் வைத்தியம் பார்ப்பது லேப் ரிப்போர்ட்டுக்கு, காலுக்கு அல்ல.) வீட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வருவதைப் பார்த்துத் திருப்திப்படுவார்கள். புகையிலைத் தூள், சுட்ட துணியின் சாம்பல், எருக்கம்பால் எல்லாம் பார்த்தாயிற்று. இத்தனையும் செய்துகொண்டே அந்தக் காலில் நடந்துகொண்டும் இருப்பார். எல்லாம் தோற்றபிறகு ஆபரேஷனைக் கடைசி மருந்தாக நினைத்து வருவார்.

ஆபரேஷன் என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்கிறேன்.

ஆறாத புண்ணில் நாங்கள் முதலில் செய்வது மழுங்கிய முனையுள்ள ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பது. மேலே பார்த்தால் சின்ன வாய், ஓரம் முழுக்க மஞ்சளாகத் தடித்த காய்ப்பு. கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், போகும், ஓர் இடத்தில் கரகரவென்று கல்லில் இடிப்பது போல விரல் நுனிக்குத் தெரியும். எலும்பு. அது தெரிந்துவிட்டால் மேலே எத்தனை களிம்பு பூசினாலும் பிரயோஜனம் இல்லை. செத்த எலும்புத் துண்டு உள்ளே கிடக்கும்வரை புண் மூடினாலும் மறுபடி உடைத்துக்கொண்டு வரும். சில பேர் கட்டு மாற்றும்போது ஒரு சின்னத் துணுக்கு தானே வெளியே வந்ததாகச் சொல்லித் தாளில் மடித்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர்கள் பயந்துபோய் வருவார்கள், எனக்கு அது பாதித் தகவல்.

அப்படிப்பட்ட காலைத் திறந்து செத்ததை எடுக்கிறோம். விரலுக்குப் பின்னால் துருத்தி நிற்கும் எலும்பின் தலை கெட்டிருந்தால் அதை எடுப்போம். குதிகாலில் கீழ்நோக்கி முளைத்த முண்டைச் செதுக்குவோம். இதில் கைக்கு அடக்கம் வேண்டும். ஒரு எலும்புத் தலையை எடுத்தால் அதன் பங்கு எடை பக்கத்து எலும்புக்குப் போகும், அப்புறம் அங்கே புண் வரும், அதையும் எடுத்தால் அடுத்தது. வெட்டி வெட்டியே பாதத்தைக் கட்டையாக்கிவிட்ட கால்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு விஷயம் இளைய மருத்துவர்களுக்கு: உணர்ச்சி இல்லையே என்று மயக்க ஊசி போடாமல், நோயாளி முகத்தையும் பார்க்காமல் கத்தியை வைக்காதீர்கள். தோலில் உணர்ச்சி இல்லாவிட்டாலும் ஆழத்தில் இழுப்பு தெரிகிற கால்கள் உண்டு. தவிரவும், அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அடுத்தது மூடுவது. "தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டிடுங்க டாக்டர்" என்று கேட்டு வருவார்கள். எடை ஊன்றும் இடத்தில் அது நிற்காது. உள்ளங்கால் தோல் சாதாரணத் தோல் இல்லை, அடியில் கொழுப்பு மெத்தையும் அதை எலும்போடு இறுக்கிப் பிடிக்கும் நார்களும் இருக்கின்றன. தொடைத் தோல் காகிதம் மாதிரி, நடந்தால் உரிந்துவிடும். அதனால் எடை ஊன்றாத உள்வளைவிலிருந்து ரத்தக் குழாயோடு சேர்த்துத் தோலையும் சதையையும் திருப்பிக் குதிகாலுக்குக் கொண்டுவருகிறோம், எடுத்த இடத்தில் வேண்டுமானால் தொடைத் தோலை ஒட்டுகிறோம். பாதத்தின் முன்பகுதி என்றால் பக்கத்துத் தோலையே வி வடிவில் கீறி நகர்த்துவோம். சர்க்கரை நோயாளிக்கோ விபத்தில் அடிபட்டவருக்கோ இந்த உள்வளைவுத் தோல் உணர்ச்சியோடு வரும் என்று புத்தகத்தில் படிக்கலாம். தொழுநோயில் அந்த நரம்புதான் முதலிலேயே போய்விட்டதே. ஆகவே எவ்வளவு அழகாக மூடினாலும் அது மரத்துப்போன தோலை எடுத்து மரத்துப்போன இடத்தில் வைப்பதுதான். ஆபரேஷனால் உணர்ச்சி திரும்ப வராது. இந்த ஒரு வரியை ஆபரேஷனுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம், தலையை ஆட்டுகிறார்கள், மனத்தில் வேறொன்று இருக்கிறது.

புண் பாதத்தின் வெளி ஓரத்தில் இருந்தால் கதை வேறு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பும் கெட்டுப் பாதம் தொங்கிவிட்டவர்கள், ஒவ்வொரு அடியிலும் அந்த ஓரத்தைத்தான் தரையில் போடுகிறார்கள். தூக்கி நடக்க முடியாத பாதத்தின் புண்ணை மட்டும் தைப்பது, அலைன்மென்ட் போன வண்டிக்கு டயரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதற்குச் சமம். இங்கே செய்ய வேண்டியது, காலின் பின்னால் இருக்கும் உயிருள்ள ஒரு தசைநாரை முன்பக்கம் கொண்டுவந்து பாதத்தைத் தூக்க வைப்பது. அதுவரை பாதத்தை உள்பக்கம் இழுத்துப் பழகிய தசை அது. இனிமேல் மேலே தூக்கு என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கப் பிசியோதெரபிஸ்ட் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். ஆபரேஷன் என் பெயரில் நடக்கும், வெற்றி அவர் கையில்தான் இருக்கிறது. பிசியோதெரபி இல்லாத இடத்தில் இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளாதீர்கள். புண் இருக்கும்போதே இதைச் செய்ய மாட்டோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், முதலில் ஆறட்டும்.

கால் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடுக்க வேண்டிய கால்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பத்துப் பதினைந்து வருடம் புண்ணோடு நடந்தவருக்குப் புண்ணின் ஓரம் காலிபிளவர் போலப் பொங்கி, தொட்டால் ரத்தம் கசிந்து, நாற்றம் மாறினால் அது புற்றுநோயாக இருக்கலாம், ஓரத்திலிருந்து சதை எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும். ஆனால் புண் ஆறவில்லை, நாற்றம் அடிக்கிறது, வார்டில் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறதே, அது வைத்தியம் இல்லை. மிச்சமிருக்கும் துண்டும் பலருக்கு மரத்தே இருக்கும், செயற்கைக் கால் அதிலும் புண் பண்ணும், அதற்குள் மற்றொரு பாதம் இரண்டு காலின் சுமையையும் தாங்கித் தேயும்.

சரி, இவ்வளவு செய்து அனுப்பியபின் என்ன செய்ய வேண்டும்?

மூன்று வாரம் தையல் பிரிக்க மாட்டோம், அதுவரை அந்தக் கால் தரையைத் தொடக்கூடாது. "பாத்ரூமுக்கு மட்டும் ஊன்றினேன்" என்பதும் ஊன்றியதுதான். தையல் பிரித்தபின் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கக்கூடாது. முதலில் சில நிமிடம், மறுநாள் கொஞ்சம் கூட, நடந்து முடித்ததும் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஓர் இடம் மட்டும் கதகதவென்று சூடாக இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் பாதத்துக்கு வலி தெரியாது, சூடு மட்டும்தான் அதன் பேச்சு. அதையும் கையால்தான் கேட்க வேண்டும், கையிலும் உணர்ச்சி இல்லாதவர்கள் மனைவியையோ பேரனையோ தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தினமும் ஒருமுறை, அரை மணி நேரம், சாதாரணத் தண்ணீரில் காலை ஊறப்போடுங்கள். வெந்நீர் வேண்டாம், வெந்துபோனால்கூட உங்களுக்குத் தெரியாது. ஊறிய காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுங்கள். பிளேடு வேண்டவே வேண்டாம். ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ எதுவோ ஒன்றைத் தடவுங்கள், எண்ணெயின் ஜாதி முக்கியமில்லை, தினமும் தடவுவதுதான் முக்கியம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

செருப்பு. மேல்தட்டு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர், அடித்தட்டு முள் ஏறாத கெட்டி, பின்னால் வார் கட்டாயம். வார் இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி போய்விடுவீர்கள். ஆணி அடித்துப் பழுதுபார்க்கக்கூடாது, தைக்கவும் ஒட்டவும்தான் வேண்டும். தினம் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பெரியவரின் செருப்பைத் திருப்பினால் கருவேல முள் ஒன்று அடியில் ஏறி, மெத்தையையும் தாண்டி, பாதத்துக்குள் அரை அங்குலம் நின்றிருந்தது. காலையில் ஆடு மேய்க்கப் போனவர், மாலையில் செருப்பைக் கழற்ற வரவில்லை என்று இழுத்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

இந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. எம்.சி.ஆர். தட்டை வைத்து மற்ற செருப்பு மாதிரியே நிறத்திலும் தோற்றத்திலும் செய்யலாம், செய்துகொடுக்கும் இடங்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் செருப்புகள் பலவற்றிலும் இதே ரப்பர்தான். யாராவது கேட்டால் சுகர் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கோயிலுக்கு விடிகாலையில் போங்கள். உச்சி வெயிலில் கருங்கல் தளத்தில் ஒரு பிரகாரம் சுற்றினால் கொப்புளம் நிச்சயம். பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட் வேண்டாம். பைக்கின் பின்னால் உட்கார்ந்தால் சைலன்சர் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். தரையில் படுப்பவர்கள் இரவில் காலை மூடிக்கொண்டு படுங்கள், எலி கடித்தாலும் எழுந்திருக்க மாட்டீர்கள், இது நான் பயமுறுத்தச் சொல்வதல்ல.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓய்வு எடு என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். தினக்கூலிக்குப் போகிறவர் ஆறு வாரம் காலை மேலே வைத்தால் அடுப்பு எரியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆறு வாரத்துக்குச் சாப்பாட்டைப் படுக்கைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், குடத்துத் தண்ணீரை நீங்கள் தூக்குங்கள், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். உதவித்தொகை, ஆபரேஷனுக்கான நலத்தொகை எல்லாம் அரசில் இருக்கிறது, மாவட்டத் தொழுநோய் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவர்களிடமும் ஒன்று. 2005 டிசம்பரில் நாடு 10,000 பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை எட்டியது. அதோடு தொழுநோயே போய்விட்டதாக நினைத்துக்கொண்டோம். ஆனால் இன்றும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. புதிதாக மரத்துப்போன பாதமோ, வலிக்கும் நரம்போ இருந்தால், ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்டீராய்டு கொடுத்து அந்த நரம்பைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. "விட்டமின் ஊசி போட்டுப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த ஆறு மாதம் போனால் அவர் பத்து வருடம் கழித்து என்னிடம்தான் வருவார், அப்போது என்னிடம் இருப்பது கத்தி மட்டும்.

எப்போது உடனே வர வேண்டும்: காய்ச்சல், கால் முழுக்க வீக்கம், தொடை இடுக்கில் நெறி கட்டுவது, புண்ணிலிருந்து சிவப்பு மேலே ஏறுவது, திடீரென்று நாற்றம் மாறுவது. அடிபடாமலே பாதம் சூடாக வீங்கினாலும் வாருங்கள், உள்ளே எலும்பு உடைந்திருக்கலாம், வலிக்காது. இவற்றில் எதற்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்குக் காத்திருக்க வேண்டாம். வரும்போது நடந்து வராதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். தினமும் போடும் பழைய செருப்பையும் எடுத்து வாருங்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று கடையில் புதுசு வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, உங்கள் கால் எங்கே தேய்கிறது என்று அந்தப் பழைய செருப்பில்தான் இருக்கிறது.